பழைய லாரியில் முன்பட்டை உடைந்தால்: காரணம் கண்டுபிடிப்பதிலிருந்து எஃப்.சி. (தகுதிச் சான்று) வரை

பழைய லாரி வாங்குகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்கிறார்கள், டயர் பட்டனைப் பார்க்கிறார்கள், பேப்பர் சரியா என்று விசாரிக்கிறார்கள். குனிந்து முன்பக்கப் பட்டைக் கட்டை, அதாவது வண்டியின் எடையைத் தாங்க ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த பட்டைகளை (லீஃப் ஸ்பிரிங்), பார்ப்பவர்கள் குறைவு. வாங்கிய கொஞ்ச நாளில் ஏதாவது ஒரு ஸ்பீடு பிரேக்கரில் ‘டங்’ என்று சத்தம் வரும், அப்புறம் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். அலைச்சல் அங்கிருந்து ஆரம்பிக்கும்.

என் வண்டிக்கு ஒரு பட்டறையில் உடைந்த பட்டையை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். சில நடையிலேயே புதுப் பட்டையும் அதே இடத்தில் உடைந்தது. அது ஏன் உடைந்தது என்று அங்கே யாரும் பார்க்கவே இல்லை. அடுத்த தடவை வேறு பட்டறையில் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். புதிதாக வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்த இரட்டைச் செலவு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

டாடா 1613, லேலண்ட் காமெட் மாதிரி, முன்னால் ஒரே நீள ஆக்சிலும் இரண்டு பக்கமும் பட்டைக் கட்டும் உள்ள வண்டிகளுக்கு இது பொருந்தும். டாடா 407-க்கும் முறை இதுதான், அளவுகள் மட்டும் சிறியவை.

1. ரோட்டில் உடைந்துவிட்டால்

வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, முன்சக்கரம் மட்கார்டுக்கு நடுவில் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கச் சக்கரம் பின்னால் தள்ளிப் போயிருந்தால் மெயின் பட்டையோ (மேலே உள்ள நீளமான பட்டை) சென்டர் போல்ட்டோ (பட்டைகளை நடுவில் கோர்த்துப் பிடிப்பது) போய்விட்டது, ஆக்சில் நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் இன்னும் நகரும், ஸ்டியரிங் கையில் நிற்காது. மெயின் பட்டை முழுசாக இருந்து, கீழே உள்ள பட்டைகளில் ஒன்று மட்டும் உடைந்திருந்தால், லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, பக்கத்துப் பட்டறை வரை மெதுவாக ஓட்டிப் போகலாம்.

தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழையுங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தால், கிளம்பும்போது அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். இரவில் பின்னால் வரும் பைக்காரர் உயிர் அந்தக் கல்லில் இருக்கிறது.

உடைந்து எங்கேயாவது மோதியும் இருந்தால், வண்டியை நகர்த்துவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, இன்சூரன்ஸுக்குச் சொல்லுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

2. பட்டறைக்குப் போகும் முன் நீங்களே அளந்து பாருங்கள்

ஒரு டேப் போதும். லோடு இல்லாமல், சமதரையில், இரண்டு முன் டயரிலும் ஒரே காற்று வைத்து, ஸ்டியரிங்கை நேராக வைத்து வண்டியை நிறுத்துங்கள். எடை பார்க்கும் மேடை நல்ல சமதரை. காலியாக இருக்கும் நேரம் கேட்டுப் போனால் நிற்கவிடுவார்கள்.

முதல் அளவு உயரம். சேஸிஸின் அடிப்பகுதியிலிருந்து ஆக்சில் மேல்பக்கம் வரை எவ்வளவு இடைவெளி என்று நாலு இடத்திலும் அளங்கள், முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் முன்பட்டைதான் காரணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பின்பக்கப் பட்டை உட்கார்ந்துபோனாலும் கேபின் சாய்வது மாதிரித் தெரியும். டீசல் டேங்க் நிரம்பியிருந்தாலும் அந்தப் பக்கம் கொஞ்சம் இறங்கும். பழைய வண்டியில் 10 மி.மீ. வித்தியாசத்தைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை. 20 மி.மீ. தாண்டினால் அந்தப் பக்கப் பட்டைகளைத் துடைத்து, ஒவ்வொன்றாக விரிசல் பாருங்கள்.

இரண்டாவது அளவு ஆக்சில் இருக்கும் இடம். பட்டையின் முன்முனை பிராக்கெட்டில் நிலையாக மாட்டியிருக்கும், பின்முனை ஷேக்கிளில் (முன்னும் பின்னும் அசையும் இணைப்பு) ஆடும். முன்முனைப் பின்னின் நடுவிலிருந்து ஆக்சில் நடு வரை இடது பக்கமும் வலது பக்கமும் அளங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் சென்டர் போல்ட் அறுந்திருக்கும், அல்லது யூ போல்ட் (பட்டைக் கட்டை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் U வடிவ போல்ட்) தளர்ந்திருக்கும், அல்லது பிராக்கெட்டே நகர்ந்திருக்கும். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றதும் பல இடங்களில் நேராக அலைன்மென்ட்டுக்கு அனுப்புவார்கள். ஆக்சில் நகர்ந்த வண்டிக்கு அலைன்மென்ட் பார்த்துக் கொடுக்கும் காசு வீண்தான்.

அளவுகளை ஒரு தாளில் எழுதி, போனில் படம் பிடித்து வையுங்கள். வேலை முடிந்த பிறகு இதே இடங்களில் திரும்ப அளக்க வேண்டும்.

3. உடைந்த துண்டைத் தூக்கி எறியாதீர்கள்

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டை தானாக உடைவதில்லை. எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்பது காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். பட்டறைக்காரர் பழைய இரும்பில் போடும் முன் துண்டைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

நடுவில், சென்டர் போல்ட் ஓட்டையின் வழியாக உடைந்திருந்தால், யூ போல்ட் தளர்ந்திருந்தது. யூ போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை நடுப்பகுதி வளையவே வளையாது. தளர்ந்துவிட்டால் வளைவு முழுக்க அந்த ஓட்டைக்கு வரும், ஓட்டை உள்ள இடம்தான் பட்டையில் பலவீனமான இடம். என் வண்டியில் இரண்டு தடவையும் உடைந்தது இங்கேதான். பழைய யூ போல்ட்டையே திரும்ப மாட்டியிருந்தார்கள், நட்டு மரை தேய்ந்து பிடிப்பு இல்லாமல் இருந்தது. பட்டைகளுக்கு நடுவிலும் யூ போல்ட் அடியிலும் செம்பழுப்புத் துருப்பொடி கசிந்திருந்தால் தளர்வு ரொம்ப நாளாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

முனையில், பின் நுழையும் வளையத்தை ஒட்டி உடைந்திருந்தால், ஷேக்கிளைப் பாருங்கள். கிரீஸ் போகாமல் பின் இறுகிப்போயிருந்தால் பட்டையால் நீள முடியாது, சுமை எல்லாம் வளையத்தில் இறங்கும். நடுவுக்கும் முனைக்கும் இடையில் உடைந்திருந்தால் பெரும்பாலும் ஓவர்லோடு, அல்லது ஷாக் அப்சார்பர் வேலை செய்யாமல் வண்டி குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது.

உடைந்த முகத்தையும் பாருங்கள். ஒரு பகுதி கறுத்து, துருவேறி, மழுமழுவென்று இருக்கும். மீதி பொடி உப்பைப் போல மினுங்கும். கறுத்த பகுதி பழைய விரிசல், மினுங்குவது அன்றைக்கு உடைந்தது. கறுத்த பகுதி பாதிக்கு மேல் இருந்தால் அந்த விரிசல் பல நடைக்கு முன்பே விழுந்துவிட்டது. அப்படியென்றால் அடுத்த பக்கத்திலும் ஒரு விரிசல் காத்திருக்க வாய்ப்பு அதிகம். வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, டீசலில் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள்.

4. பட்டையோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை

முன்பக்கம் எப்படியும் ஜாக்கியில் ஏறப்போகிறது. கிங்பின்னை (முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சாணி) அப்போதே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு மாதம் கழித்து அதே கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டிவரும்.

ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ கொடுத்த பிறகு, டயரின் மேலேயும் கீழேயும் கை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே ஒருவரை உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஏர் பிரேக் என்றால் டேங்கில் காற்று இருக்க வேண்டும். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் கோளாறு வீல் பேரிங்கில், அதை டைட் வைத்தாலே சரியாகலாம். மிதித்த பிறகும் ஆடினால் கிங்பின், புஷ் தேய்ந்திருக்கிறது. இந்த ஒரு சோதனையைக் கேட்டு வாங்குங்கள். பேரிங் ஆட்டத்துக்குக் கிங்பின் மாற்றச் சொல்வதும் நடக்கிறது, இரண்டு செலவுக்கும் ரொம்ப தூரம்.

அடுத்து, டயரை இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராடு (இரண்டு முன்சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) முனைகளின் தேய்மானம் தெரியும். ஷேக்கிளுக்கும் பட்டைக்கும் நடுவில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் பின், புஷ் ஆட்டம் தெரியும். கிரீஸ் நிப்பிளில் கன் வைத்து அடித்தால் பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கி வர வேண்டும். வரவில்லை என்றால் வழி அடைத்திருக்கிறது, பின்னைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால், யோசிக்காமல் இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள்.

5. என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்

ஒரு பக்கம் மட்டும் உடைந்திருந்தாலும் பட்டைக் கட்டை இரண்டு பக்கமும் சேர்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பல வருடம் உட்கார்ந்தது என்றால் வண்டி சாய்ந்தே ஓடும், புதுப் பக்கம் அதிகச் சுமை வாங்கும். கையில் காசு குறைவு என்றால், குறைந்தபட்சம் மேல் இரண்டு பட்டைகளை இரண்டு பக்கமும் மாற்றுங்கள்.

பட்டை பெரும்பாலும் எடைக் கணக்கில்தான் விற்கிறது. கடைக்காரர் சொல்லும் எடையை நீங்களே சரிபார்க்கலாம். நீளத்தை மீட்டரிலும், அகலத்தையும் தடிமனையும் மில்லிமீட்டரிலும் எடுத்துப் பெருக்கி, வருவதை 0.00785-ஆல் பெருக்குங்கள். 1.4 மீட்டர் நீளம், 70 மி.மீ. அகலம், 12 மி.மீ. தடிமன் உள்ள ஒரு பட்டை 9 கிலோவுக்குச் சற்று மேல் வரும். கீழே போகப் போக நீளம் குறையும், அதனால் ஒன்பது பட்டை உள்ள ஒரு கட்டு 50 கிலோவை ஒட்டி இருக்கும். கிலோ விலை ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மூன்று கடையில் கேளுங்கள், எங்கேயும் கிலோவுக்கு எவ்வளவு என்றே கேளுங்கள். ‘செட்டு இவ்வளவு’ என்று சொன்னால் ஒப்பிட முடியாது.

பட்டையோடு கூட வாங்க வேண்டியவை: யூ போல்ட் நாலு, அதற்குப் புது நட்டு, சென்டர் போல்ட் இரண்டு, ஷேக்கிள் பின், புஷ். யூ போல்ட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒருமுறை இறுக்கி ஓடிய யூ போல்ட் நீண்டிருக்கும், திரும்ப அதே பிடிப்பு வராது.

பழைய கட்டை முழுசாகக் கடைக்கு எடுத்துப் போங்கள். அகலம், தடிமன், வளைய அளவு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இன்னொன்றையும் அளங்கள்: சென்டர் ஓட்டையிலிருந்து முன்முனை வரை எவ்வளவு, பின்முனை வரை எவ்வளவு. பல வண்டிகளில் இரண்டும் ஒன்றாக இருக்காது. அதைக் கவனிக்காமல் பட்டையைத் திருப்பி மாட்டினால், புதுப் பட்டையிலேயே ஆக்சில் இடம் மாறிவிடும்.

மூன்று விஷயத்துக்குத் தலையாட்டாதீர்கள். உடைந்த பட்டையை வெல்டிங் வைப்பது முதலாவது. பட்டையின் உறுதி அதைச் சூடாக்கி ஆறவைத்துப் பதப்படுத்திய விதத்தில் இருக்கிறது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும், அதை ஒட்டியே மறுபடி உடையும். இரண்டாவது, உட்கார்ந்த பட்டையை உலையில் காய்ச்சி வளைத்துத் தருவது. பதப்படுத்தும் வசதி உள்ள பெரிய பட்டறை என்றால் சரி, வெறும் உலையும் சம்மட்டியும் மட்டும் இருந்தால் சீக்கிரமே பழையபடி உட்கார்ந்துவிடும். மூன்றாவது, ‘ஒரு பட்டை எக்ஸ்ட்ரா போட்டுடலாம்ணே, லோடு தாங்கும்’ என்பது. முன்பக்கம் விறைத்துப்போனால் அடி முழுக்க பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் போகும். தாங்கும் எடை ஆர்.சி.யில் எழுதியிருப்பதுதான், பட்டை சேர்த்தால் அது அதிகமாகாது. ஓவர்லோடில் பிடிபட்டால் சட்டப்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000.

மொத்தத்தில், பட்டைக்கு எவ்வளவு ஆகிறதோ அதில் பாதியாவது யூ போல்ட், பின், புஷ், கூலி, அலைன்மென்ட்டுக்கு ஆகும் என்று வைத்துக்கொண்டு பணம் தயார் செய்யுங்கள். கிங்பின்னும் சேர்ந்தால் அது தனிக்கணக்கு. கூலியை வேலைக்கு முன்பே, பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிவிடுங்கள். பழைய இரும்பு யாருக்கு என்பதையும் அப்போதே பேசுங்கள். இரண்டு கட்டு என்றால் நூறு கிலோ பழைய இரும்பு, அதுவும் காசுதான்.

6. கழற்றி மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

காலையில் போனால், சாமான் எல்லாம் கையில் இருந்தால், இரண்டு பக்கமும் ஒரே நாளில் முடியும். கிங்பின் என்றால் புஷ் அடித்து, ரீமர் போட்டு ஓட்டையை அளவுக்குக் கொண்டுவர வேண்டும், இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜை, பொங்கல் வாரத்தில் ஆள் கிடைக்காது, அந்த நாட்களில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

கழற்றும் முன் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் சாய்வான ஆப்புத் தகடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தடித்த பக்கம் முன்னாலா பின்னாலா என்று பெயின்ட்டில் குறியுங்கள். திருப்பி வைத்துவிட்டால் ஸ்டியரிங் வளைவிலிருந்து நேருக்குத் திரும்பாது, ரோட்டில் அலையும்.

சேஸிஸுக்கு ஸ்டாண்டு கொடுக்காமல், வெறும் ஜாக்கியை நம்பி யாரையும் அடியில் போகவிடாதீர்கள். பட்டைக் கட்டைப் பிரிக்கும்போது பெரிய வைஸிலோ கிளாம்ப்பிலோ பிடித்துக்கொண்டுதான் சென்டர் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் பட்டை விடுபட்டால் கையைக் கொண்டுபோய்விடும். சில பழைய வண்டிகளில் இடது சக்கர நட்டு எதிர்த் திசை மரை. தெரியாமல் பைப்பு போட்டு முறுக்கினால் ஸ்டட்டு அறுந்துவிடும்.

மாட்டும்போது கண் வைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சென்டர் போல்ட்டின் தலை ஆக்சிலில் உள்ள குழியில் முழுசாக உட்கார வேண்டும். குழியின் விளிம்பில் ஏறி நின்றபடியே யூ போல்ட்டை இறுக்கினால் பார்வைக்கு எல்லாம் சரியாகத் தெரியும், முதல் லோடில் போல்ட்டுத் தலை அறுந்து ஆக்சில் நகரும்.

யூ போல்ட்டின் நாலு நட்டையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். கடைசி முறுக்கு, சக்கரம் தரையில் இருந்து வண்டியின் எடை பட்டையில் இறங்கிய பிறகுதான். கம்பெனி கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘கை அளவு எனக்குத் தெரியும்’ என்பவர் நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம், ஆனாலும் கேளுங்கள்.

7. வேலை முடிந்த பிறகு

நீங்கள் எழுதிவைத்த அளவுகளைத் திரும்ப எடுங்கள். ஆக்சில் இடம் இரண்டு பக்கமும் ஒன்றாக வந்த பிறகுதான் அலைன்மென்ட்.

முதல் லோடு இறக்கியதும், அல்லது 500 கிலோமீட்டருக்குள், யூ போல்ட்டை மறுபடி முறுக்க வேண்டும். புதுப் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து உட்காரும்போது பிடிப்பு குறையும். பட்டறையில் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள், சொன்னாலும் லோடு கிடைத்த அவசரத்தில் நாம் மறந்துவிடுவோம். டிரைவரிடம் தேதி குறித்துச் சொல்லிவிடுங்கள். வண்டி தூரத்தில் இருந்தால் அந்த ஊரிலேயே முறுக்கச் சொல்லி, கூலியை அனுப்பிவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கிரீஸ் அடிப்பின்போதும் ஒருமுறை பார்த்தால் போதும்.

8. பில், இன்சூரன்ஸ், எஃப்.சி.

பட்டைக்கும் கூலிக்கும் தனித்தனியாக ஜிஎஸ்டி பில் வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு 18 சதவீதம்தான். பழைய 28 சதவீதக் கணக்கில் விலை சொன்னால் கேளுங்கள். பில்லில் வண்டி எண்ணும் கிலோமீட்டரும் எழுதியிருந்தால், பட்டை சீக்கிரம் உடைந்தால் கடையில் பேச ஒரு பிடி இருக்கும்.

தேய்மானத்தால் உடைந்த பட்டைக்கு இன்சூரன்ஸ் பணம் தராது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் பாலிசியிலேயே விலக்கு. பட்டை உடைந்து வண்டி மோதியிருந்தால், மோதியதால் ஆன சேதத்துக்கு மட்டும் கேட்கலாம். அதற்கும் 10 வருடம் தாண்டிய வண்டியில் இரும்புப் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழித்துக்கொள்வார்கள், ரப்பர், பிளாஸ்டிக், டயருக்கும் பாதிதான். சரக்கு வண்டியில் லைட்டு, மட்கார்டு, பம்பர், பானெட், பெயின்ட் சேர வேண்டும் என்றால் பாலிசியில் ‘ஐஎம்டி 23’ (IMT 23) என்று இருக்க வேண்டும். புதுப்பிக்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள். சர்வேயர் வந்து பார்க்கும் முன் எதையும் கழற்றிவிடாதீர்கள்.

எஃப்.சி. தேதியை ஒட்டி இந்த வேலையை வைத்துக்கொண்டால் ஒரு நிறுத்தம் மிச்சம். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு ஒவ்வொரு வருடமும் எஃப்.சி. எடுக்க வேண்டும், எப்படியும் பெயின்ட், லைட்டு வேலைக்கு நிற்கும். வண்டிக்கு வயது ஏற ஏறக் கட்டணம் பல மடங்கு கூடும், அதை அரசு அடிக்கடி மாற்றுவதால் புரோக்கர் சொல்லும் தொகையை நம்பாமல் பரிவாகன் தளத்தில் வண்டி எண் போட்டுப் பாருங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி ரசீது, பெர்மிட், வேகக் கட்டுப்பாட்டுக் கருவிச் சான்று, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் சான்று எல்லாம் நடப்பில் இருக்க வேண்டும். உங்கள் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் நேரில் பார்க்கிறாரா, தானியங்கிச் சோதனை மையத்துக்குப் போக வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பட்டை வேலையை எஃப்.சி. தேதிக்கு இரண்டு வாரம் முன்பாக முடித்து, ஒரு லோடு ஓட்டி, யூ போல்ட்டை மறுமுறுக்கு முறுக்கிவிட்டு வண்டியைக் காட்டுங்கள்.